மருந்தில்லாத காய்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து

வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண், ஒரு போர்வெல். அப்பா காலத்தில் கரும்பும் தக்காளியும் போட்டார்கள். இப்போது ரசாயன உரமும் மருந்தும் இல்லாத காய்கறி. புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சாணமும் கோமியமும் கலந்து செய்கிற பஞ்சகவ்யம் எப்படித் தயாரிப்பது, ஜீவாமிர்தத்துக்கு எவ்வளவு சாணம் என்பதுதான். அதெல்லாம் ஒரு போகத்தில் கைக்கு வந்துவிடும். காயை யாருக்குக் கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மண்டி அனுபவத்தை முதலில் சொல்கிறேன். தக்காளியை இறக்கி வைத்தேன். மண்டிக்காரர் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். "மருந்து அடிக்காத காயா? அதான் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கிடைத்தது இரண்டாம் ரகத்து விலை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லாரியில் ஏறி ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போகிற பழத்துக்குத் தோலும் அளவும்தான் முக்கியம். மருந்து அடித்ததா இல்லையா என்று அங்கே கேட்க ஆள் கிடையாது. அதோடு நம் ஊர்த் தக்காளி விலை எல்லாருக்கும் தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வேறு சமயங்களில் பறிகூலிக்கே கட்டாமல் மாட்டை விட்டு மேய்த்திருக்கிறோம். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் இயற்கைக் காயையும் கொண்டுபோய் மாட்டினால் நமக்கு என்ன மிஞ்சும்?

அடுத்தது உழவர் சந்தை. 1999ல் தொடங்கிய திட்டம். விவசாயி அடையாள அட்டை வாங்கினால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் சந்தையிலேயே தருகிறார்கள். விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். மண்டி விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறைக் கடையைவிட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. இயற்கைக் காய் என்று சொல்லி அதற்கு மேல் வாங்க முடியாது. அப்புறம் ஏன் போகிறாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

சந்தையில் ஒரு அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த ஒரு காயை எடுத்துத் தனியாக வைத்தார். சரி, ஒதுக்குகிறார் என்று நினைத்தேன். பொறுக்கி முடித்ததும், "அதையும் சேர்த்துப் போடுப்பா. மருந்து அடிக்கலன்னா எங்க வீட்டுக்காரர் நம்பமாட்டார், காட்டணும்" என்றார். அடுத்த வாரம் வந்து கத்தரிக்காயைத் தொடவே இல்லை. "கொத்தமல்லி ஏன் கொண்டு வரல? சிறுகீரை? பீர்க்கங்காய்?" என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பயிர்த்திட்டம் போட்டுக் கொடுத்தது அந்த அம்மாதான். ஒரு வீட்டுக்கு வாரம் ஏழெட்டு வகை வேண்டும், ஒவ்வொன்றிலும் அரைக்கிலோ, ஒரு கிலோ போதும். நாமோ அரை ஏக்கரில் ஒரே காயை வைத்துவிட்டு, மொத்தமும் ஒரே வாரத்தில் பழுத்து நின்றதும் மண்டிக்கு ஓடுகிறோம்.

இப்போது வாரத்துக்கு ஒரு பாத்தி கீரை விதைக்கிறேன். வெண்டையும் கொத்தவரையும் இருபது நாள் இடைவெளியில் சிறு சிறு துண்டாக. பந்தலில் பீர்க்கும் புடலையும், வேலியோரம் முருங்கை. தக்காளி பத்து சென்டைத் தாண்டாது. சந்தையில் பழகியவர்களில் சிலர் இப்போது வீட்டுக்கே கேட்கிறார்கள். அவர்களுக்கு விலையை நாமே சொல்லலாம், வருஷம் முழுக்க ஒரே விலை. வெளியே தக்காளி நூறு விற்றாலும் நான் ஏற்றுவதில்லை. பத்துக்கு இறங்கினால் அவர்களும் குறைக்கச் சொல்வதில்லை.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து

பாலக்கோடு அண்ணன் சொன்னது அப்படியே எங்கள் கதையும். நாங்கள் ஒரே ஊரில் ஆறு பேர், பெண்கள்தான் அதிகம். காய் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறது. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது "சர்டிபிகேட் இருக்கா?" என்றுதான்.

அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிறு விவசாயி நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் அரசின் இயற்கை உணவு முத்திரை போட முடியாது. கடைக்கோ கம்பெனிக்கோ கொடுப்பதானால் சான்று வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை. காய்கறி மாதிரிக் குறுகிய காலப் பயிருக்கு இரண்டு வருஷம் மாறுதல் காலம் உண்டு, அதற்குள் விளைந்ததை இயற்கைக் காய் என்று முத்திரை போட்டு விற்க முடியாது. இன்னொன்று பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உறுதியளிப்பு முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் இதைத்தான் எடுத்தோம். இதில் கஷ்டம் காகிதம் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கொல்லையில் காலி மருந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக "இது என்னக்கா?" என்று கேட்பதுதான் கஷ்டம். கேட்டேன். போன வருஷத்து டப்பா, தண்ணீர் மொள்ள வைத்திருக்கிறேன் என்றார். அதைத் தூக்கிப் போடும்வரை கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, இப்போது சரியாகிவிட்டது.

எங்கள் மேற்கு வரப்புக்கு அந்தப்பக்கம் ரோஜாத் தோட்டம். அங்கே மருந்து அடிக்கிற அன்று காற்று இந்தப்பக்கம் வீசினால் கீரை முழுக்க நாறும். போய்ச் சண்டை போடவில்லை. வரப்பை உயர்த்தி, அகத்தியும் ஆமணக்கும் நெருக்கி வைத்தோம், அதை ஒட்டி இரண்டு வரிசை சோளம். மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு போன் போடச் சொன்னோம், போடுகிறார். அந்த வரப்போரக் காயை நாங்கள் விற்பதில்லை.

யானையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ராகி முற்றுகிற பருவத்தில் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காட்டுக்குக் கர்நாடகாப் பக்கமிருந்து கூட்டமாக வரும். மிளகாய் வைத்தால் தொடாது என்று சொல்லி வைத்தோம். உண்மைதான், மிளகாயைத் தொடவில்லை. சொட்டுநீர்க் குழாயை மட்டும் மிதித்து நசுக்கிவிட்டுப் போய்விட்டது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன், களை எடுக்க ஆள் வந்திருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் காய்கறி கிடையாது. எங்கள் பக்கம் போர் ஆழம் போய்க்கொண்டே இருக்கிறது. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நிலவரைபடம் எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டக்கலை ஆபீசுக்குப் போங்க. முதல் பயிர் வைப்பதற்கு முன்னாலேயே போங்க.

முதல் போகம் காய் வைக்காமல் சணப்போ பலதானியமோ விதைத்து, பூ எடுத்ததும் மடக்கி உழுங்க. பல வருஷம் யூரியா தின்ற மண் உடனே விளைந்து கொடுக்காது. மாடு இரண்டு இருந்தால் நல்லது. நான் ஆலம்பாடி நாட்டு மாடு வைத்திருக்கிறேன், பால் கம்மி, ஆனால் காட்டில் மேய்ந்துவிட்டு வந்து சாணம் போடும்.

ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரைக்கொடி நுனியில் எள்ளைக் கொட்டினாற்போல அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி மொய்த்திருந்தது, கூடவே எறும்பு. வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம் என்று 5 கிலோ கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊற வைத்தேன். வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, 100 லிட்டராக்கிச் சாயந்திரம் அடிக்க வேண்டும். மறுநாள் அடிக்கப் போனால் இலைக்கடியில் கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு நீளமாக ஒரு புழு ஊர்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் "இது புதுப் பூச்சிடா, சீக்கிரம் அடி" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். அது அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் குஞ்சு. கரைசலைக் கத்தரிக்கு அடித்துவிட்டு அவரையை அப்படியே விட்டுவிட்டேன். பத்து நாளில் நுனி சுத்தமாகிவிட்டது. அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்க.

ஊத்தங்கரை பக்கத்திலிருந்து

நான் இன்னும் தொடங்கவே இல்லை, முக்கால் ஏக்கர் உழுது வைத்திருக்கிறேன். நாற்றை நர்சரியில் வாங்கலாமா? அண்ணன்கள் சொல்லுங்க.

பாலக்கோடு பக்கத்திலிருந்து

தம்பி, நர்சரி நாற்று பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் பெரும்பாலும் மருந்து அடித்து வளர்த்த நாற்றாக இருக்கும். நாமே விடலாம், கஷ்டம் ஒன்றும் இல்லை. 98 குழித்தட்டு, மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சை கொஞ்சம். மேலேயும் சுற்றியும் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும், பூச்சி உள்ளே வராது. தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும். விதை வாங்கும்போது ரோஸ் கலரில் மருந்து பூசியிருந்தால் வேண்டாம். நாட்டு ரகமோ, பல்கலைக்கழக ரகமோ கேளுங்க, அடுத்த வருஷம் நம் விதையையே எடுத்துக்கொள்ளலாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆனால் முக்கால் ஏக்கரையும் ஒரே தடவையில் நட வேண்டாம். ஊத்தங்கரையில் காய் வாங்குகிற வீடு பத்து இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பாருங்க. அடுத்த மாதம் கத்தரியும் மிளகாயும் நாற்று விடுகிறேன், இரண்டு தட்டு கூடுதலாக விட்டு வைக்கிறேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரை வர முடியும் என்றால் சொல்லுங்க, கொண்டு வந்து தருகிறேன்.