தொற்றுக் காலத்தில் வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பதை மாநகராட்சி தடுக்க முடியுமா? (வேலூர்)

தோட்டப்பாளையம் வார்டு:
எங்கள் பகுதியில் நர்ஸ்கள், லேப் ஊழியர்கள், சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிமாநிலக் குடும்பங்கள்தான் அதிகம். கொரோனா நேரத்தில் வீட்டுக்காரர்கள் பயந்துபோய்க் காலி செய்யச் சொன்னதை எல்லோரும் பார்த்தோம். அடுத்த தொற்று வருவதற்குள் மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போடவைக்கலாம் என்று மனு தயார் செய்கிறோம். கலிஃபோர்னியாவில் 2020 மார்ச் 16 ஆளுநர் உத்தரவுக்குப் பிறகு நகராட்சிகளே தடை போட்டன. லாஸ் ஏஞ்சலஸில் அது 2023 ஜனவரி 31 வரை இருந்தது. இங்கே மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டா? மனுவில் என்ன கேட்க வேண்டும்?

சத்துவாச்சாரி வக்கீல்:
சார், மாமன்றத் தீர்மானத்தால் மட்டும் ஒரு வீட்டுக்காரரையும் தடுக்க முடியாது. வீட்டுக்காரர், குடியிருப்பவர் உறவு மாநிலச் சட்டத்தில் வருகிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்தான் அது. அவசரக் காலத்தில் அதிகாரம் கலெக்டரிடம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 25படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர். உத்தரவு போடும் அதிகாரம் பிரிவு 34இல் இருக்கிறது. பிரிவு 41படி மாநகராட்சி அவருடைய வழிகாட்டுதலில் வேலை செய்யும் அமைப்பு. அதனால் தீர்மானத்தை "கலெக்டர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். "மாநகராட்சி தடை செய்கிறது" என்று எழுதினால் முதல் வாய்தாவிலேயே அடிபடும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். உத்தரவை மீறினால் பிரிவு 51படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் பிரிவு 60படி ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். தனி ஆள் கொடுப்பதென்றால் 30 நாள் முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும். அதற்குள் ஆள் தெருவில் நிற்பார். எனவே கலெக்டர் உத்தரவிலேயே தாசில்தாருக்கும் மாநகராட்சி மண்டல உதவி ஆணையருக்கும் புகார் கொடுக்கும் அதிகாரம் தரப்பட வேண்டும். மனுவில் இதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

காந்தி ரோடு:
வக்கீல் சார் சொன்னதோடு, யாருக்குப் பாதுகாப்பு என்ற வரியும் முக்கியம். 2020 மார்ச் 29 மத்திய உள்துறை உத்தரவு, தொழிலாளர்களையும் மாணவர்களையும் வெளியேற்றினால் நடவடிக்கை என்றது. ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது தொழிலாளர்களுக்கு, அதிலும் புலம்பெயர்ந்தவர்களுக்கு. நோயாளியும் உடனிருப்பவரும் அந்த வரியில் இல்லை. வேலூருக்கு அதுதான் பெரிய ஓட்டை. லாட்ஜ்களும் விடுதிகளும் வாடகைச் சட்டத்துக்குள்ளேயே வராது. பாபுராவ் தெருவில் அறை எடுத்தவருக்குக் கலெக்டர் உத்தரவை விட்டால் வேறு துணை இல்லை. அதனால் "லாட்ஜ், விடுதி, ஹோம்ஸ்டே உட்பட" என்றும் "சிகிச்சை பெறுவோர், உடனிருப்போர்" என்றும் எழுத்தில் இருக்கட்டும்.

நர்ஸ்களுக்கு வேறு கதவு உண்டு. 2020இல் தொற்றுநோய்ச் சட்டம் 1897 திருத்தப்பட்டது. சுகாதாரப் பணியாளரின் வாழிடத்தையோ வேலைச் சூழலையோ பாதித்து அவரைப் பணி செய்ய விடாமல் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டெல்லியில் 2020 மார்ச் 24 உத்தரவு, மாநகராட்சி மண்டலத் துணை ஆணையர்களுக்கும் போலீஸ் துணை ஆணையர்களுக்கும், காலி செய்ய வைக்கும் வீட்டுக்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி, தினமும் அறிக்கையும் கேட்டது. அந்தத் தினசரி அறிக்கையை நம் மனுவிலும் கேளுங்கள். அறிக்கை கேட்காத உத்தரவு காகிதத்தோடு போய்விடும்.

தோட்டப்பாளையம் வார்டு:
நன்றி. உத்தரவு வரும்வரை, வீட்டுக்காரர் வந்து பூட்டிவிட்டால்? ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் இருப்பவர்கள்தான் பாதிப் பேர்.

சத்துவாச்சாரி வக்கீல்:
ஒப்பந்தம் இல்லாததுதான் ஆபத்து. எழுத்து ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்க, வாடகைச் சட்டத்தின் பிரிவு 21 இடம் கொடுக்கிறது. அமைதியான நேரத்திலேயே எழுதி, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதே பிரிவு, வாடகை பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டி, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் காலி செய்யவும் வழி விடுகிறது. இதை மறந்துவிட்டு "தடை உத்தரவு இருக்கிறது, வாடகை வேண்டாம்" என்று யாரும் இருந்துவிடக் கூடாது. தள்ளிப்போடலாம், தள்ளுபடி கிடையாது. பணத்தை வங்கி வழியாக அனுப்பி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிமன்ற உத்தரவின்றி வீட்டுக்காரர் கையால் வெளியேற்ற முடியாது. பெரும்பாலும் பூட்டு கடைசியில்தான் வரும்; முதலில் மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குவார்கள், மாடி டேங்க் வால்வை மூடுவார்கள். பிடுங்கிய இடத்தையும் மூடிய வால்வையும் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். கரண்ட், தண்ணீரை நிறுத்தினால் பிரிவு 20படி வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம்.

பூட்டியே விட்டால் அன்றே 112க்குப் போன் செய்து, ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963, பிரிவு 6படி வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தை, அதாவது குடியிருப்பை, திரும்பப் பெறலாம். அதற்கு அங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும்: கேஸ் பில், ஆதார் முகவரி, வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய உள்ளூர் முகவரி. இவற்றின் போட்டோவை வெளியூரில் இருக்கும் ஒருவருடைய வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள்; காகிதம் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள்தான் கிடக்கும்.