உருமறைப்பா, நிறமறைப்பா? வேட்டை உடைக்கான சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். வேட்டை உடைக்கு ‘நிறமறைப்பு’, ‘வேட உடை’ என்னும் சொற்கள் நம்மிடையே முன்னர் முன்மொழியப்பட்டன; அவை குறித்து என் கருத்தை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குக் கடமான் வேட்டைக்குச் செல்லவிருக்கும் உறவினர் ஒருவர், அதிகச் செலவில்லாமல் எத்தகைய உடையை வாங்கலாம் என்று கேட்டார். அவருக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான், சூழலோடு கலந்து கண்ணில் படாமல் இருப்பதைக் குறிக்கும் ‘கேமஃப்ளாஜ்’ என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் பல பொருள்களை அடைத்து வைத்திருப்பது புலப்பட்டது. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த பிள்ளைகளுக்கு அது ‘நம்பர் ஃபோர்’ எனப்படும் ராணுவச் சீருடை. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் பறவைகளைப் படமெடுப்போருக்கு அது லென்ஸ் மீது சுற்றும் உறை. (வேட்டை நம் ஊரில் சட்டப்படி கூடாது என்பதால், வேட்டை உடை என்னும் மூன்றாவது பொருள் நமக்குச் சற்றுத் தொலைவானதே.)

பொதுச்சொல்லாக ‘உருமறைப்பு’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் முன்னர் முன்மொழியப்பட்ட ‘நிறமறைப்பு’ எனக்கு உடன்பாடில்லை. நம் கண்ணுக்கு மறையும் நிறமும் மானின் கண்ணுக்கு மறையும் நிறமும் ஒன்றல்ல. வட அமெரிக்காவின் பல மாநிலங்களில், துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் மற்றவர் கண்ணில் படும்படி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். அதனால் வேட்டை கெடுவதில்லை. ஏனெனில் மானின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் இருவகையே உள்ளன, ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். மாறாக, நீலத்தை அது நன்றாகக் காணும். வெண்மையூட்டும் சலவைத்தூள் துணியில் நீலப் பளபளப்பை விட்டுச்செல்வதால், அதில் துவைத்த பச்சைச் சட்டை நமக்கு இலையாகத் தெரிந்தாலும் மானுக்கு ஒளிரக்கூடும். விலையுயர்ந்த சட்டையை வாங்கிவிட்டு அத்தகைய தூளில் ஊறவைப்பதைவிட, பழைய பழுப்புச் சட்டையைச் சாதாரண சவர்க்காரத்தில் அலசுவது மேல்.

‘வேட உடை’ என்ற முன்மொழிவும் பொருந்தாது. வேடம் என்பது வேறொன்றாகத் தோன்றுவது. மறைவு என்பது தோன்றாமலே இருப்பது. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: 273ஆம் குறளில் புலித்தோல் போர்த்து மேயும் பசு, 274ஆம் குறளில் ‘புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த்தற்று’, அதாவது புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

ஆகவே துணியின் அச்சுக்கு நான் முன்வைக்கும் சொல் ‘சிதறுகோலம்’. முதலில் ‘உருக்கலைப்பு’ என்றுதான் எண்ணினேன். ‘கருக்கலைப்பு’ காதில் ஒலித்ததால் விட்டுவிட்டேன். தோள், தலை, கை ஆகியவற்றின் விளிம்பைத் துண்டுதுண்டாக்கி, மனித உருவம் ஒரே வடிவமாகத் தெரியாதபடி செய்வதே அந்த அச்சின் வேலை. இப்படிப் பெயரிட்டால் வாங்குவோருக்கும் ஒரு தெளிவு கிடைக்கும்: மங்கிய நிறத்தில் பெரிய கட்டம் போட்ட சட்டையும் ஓரளவுக்குச் சிதறுகோலமே, அதற்கென நிறுவன முத்திரையுள்ள அச்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல காலணிக்கும், முகத்தையும் கைகளையும் மூடும் மெல்லிய உறைகளுக்கும் செலவிடலாம். வெறும் முகமும் அசையும் கையும்தான் பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. நடக்கையில் சரசரக்கும் நைலானைத் தவிர்க்கச் சொல்ல ‘அரவமற்ற துணி’ என்ற எளிய தொடரே போதும்.

இலையும் நாரும் தொங்கும் ‘கில்லி சூட்’டுக்கு, குறளின் புதலை எடுத்துக்கொண்டு ‘புதலாடை’ என்கிறேன். பழைய வலையில் சாக்கு நாரைக் கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதும் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. மரத்தின் மேல் அமரும் மேடைக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. தினைப்புனம் காத்த நம்மிடம் ‘பரண்’ இருக்கிறது.

தரையில் விரித்து உள்ளே ஒளிந்திருக்கும் சிறு கூடாரத்துக்குத்தான் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. ‘மறைகூடு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் பறவை நோக்குவோர் அதைப் பறவையின் கூடு என்றே படிப்பார்கள் என்று தயங்குகிறேன். ‘ஒளிகுடில்’ என்றால் ‘ஒளி’ வெளிச்சமாகிவிடுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.