பேமெண்ட் அக்கவுண்ட்டை ஹோல்டு பண்ணிட்டாங்க, பூண்டு வித்த ₹41,600 உள்ள மாட்டிக்கிச்சு – உதவுங்க

பூம்பாறைப் பூண்டு
வணக்கம். கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறை. முக்கால் ஏக்கர்ல மலைப்பூண்டு போடுறேன். பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்டயும் வாங்கி, ஒன்றரை வருஷமா வாட்ஸ்அப்ல அரைக்கிலோ, ஒரு கிலோ பையா விக்கிறேன். பேமெண்ட் லிங்க் அனுப்புவேன், ரெண்டு நாள்ல பணம் பாங்குக்கு வந்துரும். மாசம் பத்துப் பதினஞ்சு ஆர்டர் வந்தா பெருசு.

போன மாசம் ஒரு தம்பி வந்து, பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகைபோடுற அறையை வீடியோ எடுத்துப் போட்டாரு. அஞ்சு நாள்ல 63 ஆர்டர்! ஆறாம் நாள் காலையில பேமெண்ட் கம்பெனியில இருந்து மெயில்: வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனையாம், செட்டில்மெண்ட்டை, அதாவது பாங்குக்குப் பணம் அனுப்புறதை நிறுத்தி வச்சிருக்காங்களாம். 40 பேருக்கு சரக்கு அனுப்பியாச்சு, 23 பேர் தினமும் கேக்குறாங்க. பூண்டு குடுத்தவங்க முகத்துல முழிக்க முடியல. கம்பெனிக்கு மெயில் போட்டா மிஷின்தான் பதில் போடுது. வீட்டுக்காரம்மா பேர்ல இன்னொரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஓட்டலாமா?

கோத்தகிரி தைலக்கடை
தம்பி, அதை மட்டும் பண்ணிடாதீங்க. நான் பண்ணிப் பட்டவள். அதே மொபைல், அதே முகவரி, அதே போட்டோ. ரெண்டே நாள்ல ரெண்டாவது அக்கவுண்ட்டும் போச்சு. முதல்ல கேள்வி மட்டும் கேட்டவங்க, அப்புறம் என்னை ஏமாத்துக்காரி மாதிரியே பாத்தாங்க.

என் கதை வேற. பேஜ்ல "மூட்டு வலி தீரும், ஆஸ்துமா குணமாகும்"னு எழுதி வச்சிருந்தேன். மருந்து விக்கிற கணக்குல சேத்து லைசென்ஸ் கேட்டாங்க. நீங்க பூண்டுக்குக் கொழுப்பு கரையும், பிரஷர் குறையும்னு ஏதாவது எழுதியிருக்கீங்களா?

பூம்பாறைப் பூண்டு
எழுதியிருக்கேன் அக்கா. ரெண்டும்.

கோத்தகிரி தைலக்கடை
இப்பவே எடுங்க. எடுத்துட்டேன்னு அவங்களுக்கும் சொல்லுங்க. மறைச்ச மாதிரி இருக்கக் கூடாது.

திண்டுக்கல் பழைய கேஒய்சி
ஒரு பேமெண்ட் கம்பெனியில வியாபாரிகளோட ஆவணம் சரிபார்க்கிற வேலையில நாலு வருஷம் இருந்தேன். அண்ணே, முதல்ல பூட்டுனது யாருன்னு பாருங்க. ஏன்னா பூட்டு மூணு விதம், சாவியும் வேற வேற.

பேமெண்ட் கம்பெனி செட்டில்மெண்ட்டை நிறுத்தினா அது அவங்க சந்தேகம், பேப்பர் குடுத்துத் தீக்கலாம். உங்க பாங்கே கணக்கை முடக்கியிருந்தா கிளைக்குத்தான் போகணும். மூணாவது, உங்களுக்குப் பணம் கட்டின ஒருத்தர் ஏமாத்தின காசுல கட்டியிருந்து, பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் பண்ணியிருந்தா, போலீஸ் சொல்லி பாங்க் அந்தத் தொகையை நிறுத்தும். அப்படின்னா புகார் எண்ணையும் எந்த ஊர் ஸ்டேஷன்னும் பாங்க்ல எழுதி வாங்கி, பில்லோட அந்த ஸ்டேஷனுக்கு எழுதணும். முழுக் கணக்கையும் முடக்கினா ஒத்துக்காதீங்க. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினாப் போதும்னு சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் ஒரு வழக்கில சொல்லியிருக்கு.

உங்க மெயிலைப் பாத்தா முதல் வகைதான். ஆனா வீடியோவால ஆர்டர் கூடினது மட்டும் காரணமா இருக்காது. அந்த வாரத்துல போன் நம்பர், பாங்க் கணக்கு, கடைப் பேர் எதையாவது மாத்தினீங்களா?

பூம்பாறைப் பூண்டு
பாங்க் கணக்கை மாத்தினேன். என் கணக்குல பழைய நகைக்கடன் பிடிச்சுக்குவாங்களோன்னு பயந்து வீட்டுக்காரம்மா கணக்கைக் குடுத்தேன். வீடியோ வந்த அதே வாரம்.

திண்டுக்கல் பழைய கேஒய்சி
மாட்டிக்கிட்டீங்க. நீங்க தப்பு பண்ணலை. ஆனா அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்னு பாருங்க. சும்மா கிடந்த கணக்குல திடீர்னு வசூல், கூடவே பணம் போற பாங்க் கணக்கு வேற ஆள் பேர்ல. கணக்கைத் திருடினவன் செய்யறதும் அச்சு அசலா இதேதான். புதுக் கணக்கு சேத்ததும் கம்பெனி ஒரு ரூபா போட்டுப் பார்க்கும், அந்த ரூபாயோட பாங்க்ல இருக்கிற பேரும் திரும்பி வரும். அது உங்க பான் கார்டு பேரோட ஒட்டாது.

இன்னொரு சந்தேகம். உங்க பேர் எல்லா ஆவணத்துலயும் ஒரே மாதிரி இருக்கா?

பூம்பாறைப் பூண்டு
ஆதார்ல பேர் மட்டும். பான்ல பேருக்குப் பின்னாடி அப்பா பேர் முழுசா. பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடி. கடைப் பேர் நாலாவது.

திண்டுக்கல் பழைய கேஒய்சி
நம்ம ஊர் இனிஷியல் அந்த மிஷினுக்குப் புரியவே புரியாது. நான் வேலையில இருந்தப்ப தமிழ்நாட்டு ஃபைல்ல பாதி இந்தச் சிக்கல்தான். பாங்க் கிளையில பான் கார்டைக் காட்டிப் பேரை அதே மாதிரி மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் பான்ல இருக்கிற பேரும் பாஸ்புக்ல இருக்கிற பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரிகிட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு இணைங்க. வீட்டுக்காரம்மா கணக்கை எடுத்துட்டு உங்க கணக்கையே குடுங்க. நகைக்கடன் பாக்கியிருந்தா வேற பாங்க்ல ஒண்ணு ஆரம்பிங்க, ஆனா உங்க பேர்ல.

விரைவு உதவி மையம்
சார் கம்பெனி உள்ள நம்ம ஆள் இருக்கார். ₹2,500 மட்டும். ஒரு ஆப் இறக்கி ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க, அரைமணி நேரத்துல ரிலீஸ். நம்பர் அனுப்புங்க.

கோத்தகிரி தைலக்கடை
தம்பி, இதைத் தொடாதீங்க! ஸ்கிரீனைக் காட்டினா ஓடிபியும் சேந்துதான் தெரியும். இருக்கிற ₹41,600-உம் போயிரும்.

குன்னூர் சாக்லேட்
நானும் ஒண்ணு சொல்றேன். அந்த 23 பேருக்கும் எப்படியாவது அனுப்பிடுங்க. சரக்கு வராதவர் கார்டு பாங்க்ல புகார் பண்ணினா பணத்தை அவங்க திருப்பி எடுத்துக்குவாங்க. அப்படி நாலஞ்சு விழுந்தா கம்பெனியோட சந்தேகம் உறுதியாயிடும். கேன்சல் கேக்குறவருக்கு உங்க ஜிபேல இருந்து தனியா அனுப்பாதீங்க. வந்த வழியிலயே ரீஃபண்ட் போகட்டும். எனக்கு ஒருத்தர் ரெண்டு வழியிலயும் வாங்கிட்டார். போன வருஷக் கிறிஸ்துமஸ், இன்னும் வயிறு எரியுது.

பூம்பாறைப் பூண்டு
சரிண்ணே. கம்பெனிக்கு ஆதாரமா என்னென்ன வைக்கிறது? பில் புத்தகமே என்கிட்ட இல்லையே. ஜிஎஸ்டியும் இல்ல.

திண்டுக்கல் பழைய கேஒய்சி
விவசாயிகிட்ட இருக்கிற பேப்பர் கடைக்காரன்கிட்ட இருக்காது. நிலம் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற சிட்டா எடுங்க. விஏஓகிட்ட அடங்கல் வாங்குங்க, அந்த சர்வே நம்பர்ல பூண்டுன்னே பயிர் எழுதியிருக்கும். வடுகபட்டிச் சந்தையில போட்ட பழைய மண்டிச் சீட்டு இருந்தா சேருங்க. 40 ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் ஆர்டர் நம்பரோட ஒரு தாள்ல வரிசையா எழுதுங்க. அந்த வீடியோ லிங்க்கும் தேதியும் முதல் பக்கத்துலயே வரணும், திடீர் வசூலுக்கு அதுதான் காரணம்.

பச்சைப் பூண்டுக்கு வரி கிடையாது. அதை மட்டும் விக்கிறவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, அதையும் ஒரு வரியா எழுதுங்க. பூண்டு ஊறுகாய் போட்டு வெளி மாநிலத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சா கதை மாறும். அப்புறம், மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனா அந்த லோகோவை அங்கீகரிக்கப்பட்ட பயனரா பதிவு செஞ்சவர்தான் போடலாம். பையில அச்சடிச்சிருந்தீங்கன்னா போட்டோவுல காட்டாதீங்கன்னு சொல்ல மாட்டேன், அச்சடிக்கிறதையே நிறுத்துங்க.

எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, முதல்ல போட்ட புகார் டிக்கெட்டுக்கே பதிலா அனுப்புங்க. தினம் ஒரு புது டிக்கெட் போட்டா வரிசையில பின்னாடி போயிருவீங்க. ஒரு வாரம் சத்தமே இல்லைன்னா அவங்க தளத்துல புகாரைக் கவனிக்கிற நோடல் அதிகாரியோட மெயில் இருக்கும், அதுக்கு எழுதுங்க. அந்தப் பதவி கட்டாயம் இருக்கணும்னு ரிசர்வ் வங்கி 2020-லயே விதி போட்டிருக்கு. வியாபாரிகள் பணத்தைத் தனி எஸ்க்ரோ கணக்குலதான் வைக்கணும்னும் அதுல இருக்கு, அதனால உங்க காசை எடுத்து அவங்க செலவு பண்ணிட முடியாது. ராத்திரி தூங்குங்க.

பூம்பாறைப் பூண்டு (12 நாள் கழிச்சு)
எல்லாருக்கும் கும்பிடு. அடங்கல் வாங்க மூணு நாள் ஆச்சு. பிடிஎஃப் அப்லோடு ஆகாம, குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் டவர் கிடைக்கிற இடத்துல ராத்திரி பத்து மணிக்குக் குளிர்ல நின்னு அனுப்பினேன். மிஷின் பதில்தான் வந்துச்சு. எட்டாம் நாள் நோடல் அதிகாரிக்கு எழுதினேன். மறுநாளே ஒரு பொண்ணு போன் பண்ணி, "வீடியோவுல இருக்கிறது உங்க அறைதானா, இப்ப காட்ட முடியுமா"ன்னு கேட்டுச்சு. வீடியோ கால்ல காட்டினேன். புகையில அதுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா சிரிச்சிருச்சு.

இன்னைக்குக் காலையில என் பேர்ல இருக்கிற கணக்குக்கே ₹37,978 வந்துருச்சு. கேன்சல் ஆன நாலு ஆர்டர் ₹2,640 போக, மிச்சம் அவங்க கமிஷனும் வரியும். 19 பை கடனுக்குச் சாக்கு வாங்கிக் கட்டி அனுப்பியாச்சு.

கோத்தகிரி தைலக்கடை
நல்லது தம்பி. பூண்டு குடுத்தவங்களுக்கு முதல்ல கொடுத்துட்டு வாங்க. அப்புறம் எனக்கு ரெண்டு கிலோ போடுங்க, லிங்க் அனுப்புங்க.