60 ஹெர்ட்ஸ் டிவியில் பிஎஸ்5: பெர்ஃபார்மன்ஸ் மோடா, குவாலிட்டி மோடா?

மொட்டைமாடி_வீரன் கேட்டது:

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலை ஹால்ல இருக்கற 55 இன்ச் 4கே டிவில மாட்டியிருக்கேன். பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். எச்டிஆர்10 (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டற முறை) உண்டு, விஆர்ஆர் (கேமோட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்தபடி திரை வேகத்தை மாத்தறது) கிடையாது. சோஃபாவுல இருந்து டிவி 9 அடி தூரம். மூணு சந்தேகம் இருக்கு.

ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், ஸ்பைடர்மேன் 2 ரெண்டுலயும் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) தர்ற பெர்ஃபார்மன்ஸ் மோடா, 30 எஃப்பிஎஸ்ல படத் தெளிவு கூடற குவாலிட்டி மோடான்னு கேக்குது. எதை வெக்கலாம்? அடுத்து, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல பட்டனை அழுத்தி கொஞ்ச நேரம் கழிச்சுதான் கை நீளுது. இதே கேமை மானிட்டர்ல போட்டா அந்த இழுவை இல்ல. கடைசியா, எச்டிஆர் ஆன் பண்ணினா படம் பளிச்னு ஆகாம மங்கிப் போகுது. டிவியே அவ்வளவுதானா, இல்ல செட்டிங்ல ஏதாவது இருக்கா?

ஃப்ரேம்_கணக்கன்:

இழுவையை முதல்ல தீர்த்துடுங்க. அது தீராம எந்த மோடு நல்லாருக்குன்னு பார்த்தா தப்பான முடிவுக்குத்தான் வருவீங்க.

மானிட்டர்ல இல்லாத இழுவை டிவில இருக்குன்னா காரணம் டிவியோட பட மெருகூட்டல். ஸ்டாண்டர்ட், சினிமா, விவிட் மாதிரி மோடுகள்ல டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் பிடிச்சு வெச்சு நாய்ஸை (படத்துல தெரியற புள்ளிக் கறை) நீக்கும், விளிம்பைக் கூராக்கும். மோஷன் ஸ்மூத்திங் ஆன்ல இருந்தா இன்னும் மோசம். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல புதுசா ஒண்ணை உருவாக்கணும்னா அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும் டிவி காத்திருந்தே ஆகணும். எல்லாம் சேர்ந்து பல டிவில 100 மில்லி நொடியைத் தொடும். அதே டிவியை கேம் மோடுக்கு மாத்தினா 10-20க்கு இறங்கிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல இது என்ன பண்ணும்னு பாருங்க. டிரைவ் இம்பாக்ட்ங்கற பலத்த அடி விழ 26 ஃப்ரேம் ஆகும். 60 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி நொடி, அப்போ மொத்தம் 433. எதிராளி அதை ஆரம்பிச்சதைக் கண்ணு பார்த்து விரல் அசையவே 200-250 ஓடிடும். டிவி 100-ஐ எடுத்துக்கிட்டா மிச்சம் 80-130 தான். அதுலயும் கேமோட சொந்தத் தாமதம் ஒரு பங்கு போகும். பார்த்துத் திருப்பி அடிக்க வேண்டிய அடியை ஊகிச்சுத்தான் அடிக்கணும்னு ஆயிடும். திறமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பண்ண வேண்டியது: ரிமோட்ல பிஎஸ்5 இருக்கற எச்டிஎம்ஐ இன்புட்டுக்குப் போய் கேம் மோடை ஆன் பண்ணுங்க. நிறைய டிவில ஒவ்வொரு இன்புட்டுக்கும் பட மோடு தனித்தனி. செட்டாப் பாக்ஸ் இன்புட்ல மாத்திட்டு பிஎஸ்5-லயும் மாறியிருக்கும்னு நம்பிடாதீங்க. டிவில ஏஎல்எல்எம் இருந்தா பிஎஸ்5-ல ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் உள்ள அதை ஆட்டோமேட்டிக்ல விடுங்க, கேம் திறந்ததும் டிவி தானே மாறிக்கும். இன்னொண்ணு, எச்டிஆர் சிக்னல் வந்தா சில டிவி அதுக்குன்னு தனிப் பட மோடுக்குத் தாவிடும். எச்டிஆர் ஓடும்போதும் ஒருதடவை பார்த்துக்குங்க.

சரியாச்சான்னு தெரிய ஃபோன்ல 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் போதும். விரலும் திரையும் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி வெச்சுப் படம் எடுங்க. பட்டன் முழுசா அழுந்தின ஃப்ரேம்ல இருந்து திரைல அசைவு தொடங்கற ஃப்ரேம் வரைக்கும் எண்ணி 4.17-ஆல பெருக்கினா மில்லி நொடி கிடைச்சிடும். அதுல கேமோட தாமதமும் சேர்ந்திருக்கும், அதனால அந்த எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க. ஒரே கேம், ஒரே அடி, கேம் மோடு ஆன்ல ஒண்ணு, ஆஃப்ல ஒண்ணு எடுத்து வித்தியாசத்தை மட்டும் பாருங்க.

கன்ட்ரோலரைக் கேபிள்ல போட்டா குறையுமான்னு அடுத்து கேப்பீங்க. செட்டிங்ல கம்யூனிகேஷன் மெத்தட்னு இருக்கறதை யூஎஸ்பிக்கு மாத்தினாதான் கேபிள் வழியா போகும், இல்லன்னா சார்ஜ் மட்டும்தான் ஏறும். மாத்தினாலும் கிடைக்கறது கொஞ்சம்தான். டிவியை விட்டுட்டு இதுல மெனக்கெடறது வீண்.

கறுப்புநிலை:

எச்டிஆர் மங்குவதற்கு டிவி பாதி, அறை வெளிச்சம் பாதி.

சாதாரணப் படத்தில் வெளிச்சத்தை டிவி தன் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளும். எச்டிஆர்10 அப்படி இல்லை. இந்த இடம் இத்தனை நிட்ஸ் (வெளிச்ச அளவு) என்று சிக்னலே சொல்லிவிடும். பகல் காட்சியின் சுவர் 100 நிட்ஸ் என்றால் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலிலும் 100 தான். சூரியன், தீப்பொறி போன்றவை மட்டும் பல நூறு நிட்ஸுக்கு ஏறும். உங்கள் டிவி 300 நிட்ஸுக்கு மேல் போகாது, லோக்கல் டிம்மிங்கும் (படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கவைப்பது) கிடையாது என்றால், ஏற வேண்டியது ஏறாமல் மொத்தப் படமும் சோர்ந்து தெரியும். அந்த வகை டிவியில் எச்டிஆரை அணைத்துவிட்டு ஆடுவதே மேல் என்பது என் கருத்து. பெட்டி மேல் எச்டிஆர் என்று அச்சடித்திருந்தால் சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பதுதான் பொருள், அந்த வெளிச்சத்தைக் காட்டும் என்பதல்ல.

முடிவு செய்யும் முன் இவற்றைப் பாருங்கள். டிவியில் பேக்லைட் உச்சத்தில் இருக்கட்டும். ஈகோ அல்லது பவர் சேவிங் கண்டிப்பாக ஆஃப். மங்கலுக்குப் பாதி நேரம் இதுவே காரணம். அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு என்ஹான்ஸ்டு, டீப் கலர், இன்புட் சிக்னல் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் உள்ள ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். பிஎஸ்5 பெட்டியில் வந்த கேபிளையே மாட்டுங்கள், செட்டாப் பாக்ஸோடு வந்ததை வேண்டாம். பிறகு பிஎஸ்5-ல் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறங்கள். 3840 x 2160, 60 ஹெர்ட்ஸ், எச்டிஆர் மூன்றும் அங்கே தெரிய வேண்டும். ஒய்யுவி422 என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். எச்டிஎம்ஐ 2.0-வின் 18 ஜிபிபிஎஸ்ஸில் 4கே 60 எச்டிஆர், நிறத் தகவல் குறையாத ஆர்ஜிபி சிக்னலாகப் போகாது, அதனால் நிறத் தகவலைக் குறைத்து ஒய்யுவியாக அனுப்புகிறது. 9 அடியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து பிஎஸ்5-ல் அட்ஜஸ்ட் எச்டிஆர். மூன்று திரை வரும். டிவியில் எச்ஜிஐஜி (வெளிச்ச அளவைக் கேமே முடிவு செய்ய விடும் செட்டிங்) இருந்தால் முதலில் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டைனமிக் டோன் மேப்பிங்கை (டிவி தானே வெளிச்சத்தை மாற்றிக்கொள்வது) அணைத்துவிடுங்கள். முதல் இரண்டு திரையில் தெரியும் சின்னம் பின்னணியோடு கரைந்து மறையும் இடம் வரை ஏற்றி, மறைந்த உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் உங்கள் டிவியால் காட்ட முடியாத வெளிச்சத்தைக் கேம் அனுப்பும், மேகமும் பனியும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மூன்றாவது திரை கறுப்புக்கானது, அதைக் கடைசி வரை இறக்கிவிடலாம். பகலில் செய்யாதீர்கள், விளக்கை அணைத்த பிறகு செய்யுங்கள்.

எச்டிஆர் ஆப்ஷனை ‘ஆன் வென் சப்போர்ட்டட்’டில் வையுங்கள். எப்போதும் ஆனில் இருந்தால் எச்டிஆர் இல்லாத பழைய கேம்களையும் மெனுவையும் எச்டிஆர் சிக்னலுக்குள் திணித்து அனுப்பும், அவையும் வெளுத்துப் போகும்.

எல்3_ஓட்டக்காரன்:

மோடு விஷயத்துல என் ஓட்டு 60-க்கு, அதுவும் 9 அடிக்கு யோசிக்கவே வேண்டாம்.

55 இன்ச் 4கே பேனல்ல ஒரு பிக்சல் 0.32 மிமீ. நல்ல கண்பார்வை உள்ளவருக்கு அது தனியா தெரியணும்னா கிட்டத்தட்ட மூணரை அடில உக்காரணும். 1440பி (2560 x 1440) அளவுக்குக் குறைச்சாலும் ஐந்தரை அடிக்கு அந்தப் பக்கம் போனா பிரிச்சுப் பார்க்கறது கஷ்டம். நீங்க 9 அடில. குவாலிட்டி மோடு அதிகமா தர்ற பிக்சலை உங்க கண்ணு வாங்கவே போறதில்ல. கேமராவைத் திருப்பும்போது 30-ல வர்ற திக்கல் மட்டும் எத்தனை அடில இருந்தாலும் தெரியும்.

ஸ்பைடர்மேன் 2-ல ரெண்டு மோடுலயும் ரே ட்ரேசிங் (ஒளியும் பிரதிபலிப்பும் நிஜம் மாதிரி தெரியக் கணக்குப் போடறது) இருக்கு, அதனால 60-ல பெருசா எதையும் இழக்கல. கட்டிடத்துக்குக் கட்டிடம் தாவற வேகத்துல 30 வெச்சு ஆடறது கேமுக்கே செய்யற அநியாயம். ஹொரைசன் வெளியான புதுசுல பெர்ஃபார்மன்ஸ் மோடுல புல், இலையெல்லாம் மினுமினுன்னு துடிச்சுது. பின்னால வந்த பேட்ச்ல நல்லாவே சரி பண்ணிட்டாங்க. டிஸ்க்ல இருந்து போட்டீங்கன்னா அப்டேட் இறங்கின அப்புறம் பாருங்க.

40 எஃப்பிஎஸ் மோடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2021-ல ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட்டுக்கு பேட்ச்ல வந்துது, அப்புறம் ஹொரைசனுக்கும் வந்துது. 30-ல ஒரு ஃப்ரேம் 33.3, 60-ல 16.7, 40-ல 25. நேரக் கணக்குல நட்ட நடு, அதான் 40 கைக்கு அவ்வளவு லேசா இருக்கு. ஆனா 120-ஐத்தான் 40 சரியா வகுக்கும், 60-ஐ வகுக்காது. உங்க டிவிக்கு அந்த ஆப்ஷன் கிடையாது. அடுத்த டிவி வாங்கும்போது 120 ஹெர்ட்ஸ் பேனலான்னு கேட்டு வாங்குங்க, 8கே எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு கேம்லயும் மாத்தாம இருக்க, சேவ்டு டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ் உள்ள கேம் ப்ரீசெட்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் மோடைப் போட்டு வெச்சிடுங்க. இதை மதிக்கற கேம்ல தானா 60-ல திறக்கும். மதிக்காத கேமும் நிறைய, மெனுல ஒரு பார்வை பார்த்துக்குங்க.

பழைய_கேசட்:

எல்3 சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். சீரான 30, தள்ளாடும் 60-ஐ விட மேல். ஃப்ரேம் சம இடைவெளியில் வந்தால் கண் பத்து நிமிஷத்தில் பழகிவிடும். சம இடைவெளி இல்லையென்றால் எத்தனை மணி நேரம் ஆடினாலும் பழகாது. பிளட்போர்ன் கேம் 30-ல் ஓடியும் கரடுமுரடாகத் தெரிவது அதனால்தான், 30 என்பதால் இல்லை.

எல்டன் ரிங் கேமைப் பாருங்கள். பிஎஸ்5 பதிப்பின் பெர்ஃபார்மன்ஸ் மோடு 60-ல் நிற்காது, திறந்த வெளியில் இறங்கிக்கொண்டே இருக்கும். விஆர்ஆர் டிவி இருந்தாலும் பிஎஸ்5-ல் அது 48 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும், கேம் அதற்குக் கீழே போனால் பயனில்லை. அதன் பிஎஸ்4 பதிப்பை அதே பிஎஸ்5-ல் போட்டால் 60-ல் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. புல்லும் நிழலும் கொஞ்சம் குறையும், கைக்குக் கிடைக்கும் உறுதி அதைவிடப் பெரிது.

மொட்டைமாடி_வீரன்:

கேம் மோடு போட்டதும் இழுவை போயிடுச்சு, ரொம்ப நன்றி. ஈகோ ஆன்ல இருந்தது, அதையும் அணைச்சாச்சு. இப்ப எச்டிஆர் இல்லாத கேம்ல மட்டும் இருட்டான இடமெல்லாம் மொத்தையா கறுப்பாத் தெரியுது. குகைக்குள்ள சுவரே தெரியல.

கறுப்புநிலை:

ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரை குறிக்கும் எண் வரம்பு) பொருந்தவில்லை. பிஎஸ்5 ஃபுல்லாக (0-255) அனுப்பி டிவி லிமிட்டட் (16-235) என்று எடுத்துக்கொண்டால் 0 முதல் 16 வரை உள்ள கரும் சாயல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். தலைகீழாக இருந்தால் படம் சாம்பல் பூசியது போல வெளுக்கும். எச்டிஆரில் ஒய்யுவி போவதால் அங்கே இந்தச் சிக்கல் வரவில்லை.

பிஎஸ்5-ல் ஆர்ஜிபி ரேஞ்சை ஆட்டோமேட்டிக்கில் வைத்து, டிவியில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்பதையும் ஆட்டோவில் வையுங்கள். அப்படியும் கறுப்பு விழுங்கினால் பிஎஸ்5-ஐ லிமிட்டட், டிவியை லோ அல்லது லிமிட்டட் என்று இரண்டு பக்கமும் கையால் பொருத்திவிடுங்கள். பிரைட்னஸை ஏற்றிச் சரிக்கட்டாதீர்கள். தொலைந்த சாயல் அதில் திரும்பாது, கறுப்பு மட்டும் சாம்பலாகும்.