ஈஸ்டர் முட்டைக்குள் மிட்டாய்க்குப் பதில் என்ன வைத்தீர்கள்?

எங்கள் சின்னவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இங்கே நியூஜெர்சியில் ஈஸ்டர் சமயத்தில் பூங்காவில் பிள்ளைகளுக்காக ஒளித்து வைக்கும் பிளாஸ்டிக் முட்டைகளைப் பொறுக்கப் போனால் உள்ளே பெரும்பாலும் சாக்லேட்தான். அவன் ஆசையாகப் பொறுக்குவான், நான் பின்னாலேயே போய்ப் பிடுங்குவேன். இரண்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிப் பிடுங்க மனசு வரவில்லை. 2024 ஈஸ்டருக்கு வீட்டுக் கொல்லையிலேயே முட்டைகளை ஒளித்து வைத்தோம்.

நான் முதலில் வாங்கியது குட்டி ரப்பர் பந்துகள். முட்டையைத் திறந்த வேகத்தில் பந்து நேராக வாய்க்குள் போய்விட்டது. நல்லவேளை, உதட்டோரம் தெரிந்தது. என் மாமியார் சட்டென்று தாடையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டார். என் கைநடுக்கம் நிற்கத்தான் வெகுநேரம் ஆனது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்க அமெரிக்காவில் சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் பொருளை அந்த வயதுக்கென்று விற்கக் கூடாது. பந்து என்றால் அளவு இன்னும் பெரிது, 4.4 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் முட்டையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான்! அதாவது முட்டைக்குள் அடங்கும் கெட்டியான சாமான் எதுவானாலும் குழந்தையின் வாய்க்குள்ளும் அடங்கும்.

அப்புறம்தான் யோசனை வந்தது: மடித்தால் உள்ளே போக வேண்டும், பிரித்தால் பெரிதாக வேண்டும். போன வருஷம் ஒரு முட்டையில் ஒற்றைச் சாக்ஸ், அதன் ஜோடி வேறொரு முட்டையில். ஒன்றில் பூப்போட்ட கைக்குட்டை. பாதி சாக்ஸ் முட்டைக்கு வெளியே தொங்க, அதை இழுக்க இழுக்க அவனுக்கு ஒரே சிரிப்பு. ஒரு கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு அடுத்ததைத் தேடி ஓடினான்.

*

அக்கா, படிக்கும்போதே பதறிவிட்டது. நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். ஏப்ரலிலும் குளிர் விடாது, எல்லாம் வீட்டுக்குள்தான். என் பிள்ளைகளுக்கு நாலு, ஆறு வயது. 24 துண்டு பஸில் ஒன்றைப் பிரித்து முட்டைக்கு இரண்டாகப் போட்டேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதில இருக்கு!" என்று கத்துவார்கள். கடைசித் துண்டு சோபாவுக்கு அடியில் இருந்தது. அது கிடைக்கும்வரை இருவரும் சண்டை போடாமல் சேர்ந்து தேடினார்கள், எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம். பெரியவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் என்பதால் சில முட்டைகளில் சீட்டு வைத்தேன். "அப்பா முதுகில் யானைச் சவாரி" சீட்டை அன்றைக்கே மூன்று தடவை பயன்படுத்திவிட்டாள். சீட்டைத் திருப்பி வாங்க எனக்குத் தோன்றவே இல்லை.

*

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வந்தால் பிளே-டோ (பிசைந்து விளையாடும் களிமண் மாதிரியான மாவு) வைக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் கோதுமை இருக்கிறது. விளக்கு மினுக்கும் விளையாட்டு மோதிரம் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது சட்டைப் பொத்தான் மாதிரியான குட்டி பேட்டரி, விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நான் இந்த வருஷம் சூரியகாந்தி விதை வைத்தேன், பெரியவனுக்கு மட்டும். தொட்டியில் இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. தினமும் காலையில் பல் தேய்க்காமலே போய்ப் பார்க்கிறான்.