வட்டவளைப் பாதையோர மரங்களில் சிவப்பு எண்: வெட்டுவதற்கு முன் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

தையல்கடை அக்கா எழுதியது:

வணக்கம். இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் பாதையின் முடக்கில் (வளைவில்) தையல்கடை வைத்திருக்கிறேன். 17 வருடமாக அதே சன்னல், அதே மெஷின். சன்னலுக்கு நேரே பாதையின் இரு பக்கமும் 11 மரங்கள். சவுக்கு (கிரெவிலியா) ஏழு, டர்பன்டைன் இரண்டு, ஒரு பலா, ஒரு அல்பீசியா.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பத்து மரங்களின் பட்டையைக் கத்தியால் சீவி, சிவப்புப் பெயின்டால் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். "பாதைக்கு ஆபத்து, வெட்டப் போகிறோம்" என்றார்கள். எப்போது, யார் உத்தரவு என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பயம் எங்களுக்கும் இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்தை (தோட்ட வரிசை வீட்டை) விட்டுப் பாடசாலைக்கு ஓடியவர்கள் நாங்கள். மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று நான் எழுதவில்லை.

என் மனதை அரிப்பது அந்தப் பதினோராவது மரம்தான். எண் போடாமல் விட்ட அல்பீசியா. அதன் அடியில் முனியாண்டி சாமி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான்.

அன்று மத்தியானம் வேலை ஓடவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். நாடா 150 சென்ரிமீற்றர்தான், குண்டூசியால் அடையாளம் குத்திக் குத்தி அளக்க வேண்டியிருந்தது. 4 ஆம் எண் சவுக்கு நெஞ்சு உயரத்தில் 2 மீற்றர் 12 சென்ரிமீற்றர் சுற்றளவு. நூல் பிடித்தாற்போல நேராக நிற்கிறது. தட்டினால் கெட்டியான சத்தம். அல்பீசியாவின் பின்னால், பள்ளத்தைப் பார்த்த பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. கையை விட்டேன். முழங்கை வரை போனது. வெளியே எடுத்தால் விரலெல்லாம் நனைந்த தேயிலைத் தூள் மாதிரி உளுத்த மரம், நகக்கண் வரை கறுப்பு. அன்று மாலை வெள்ளைச் சீருடைத் துணியைத் தொட முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உளுத்த மரம் நிற்கும், உறுதியான மரங்கள் போகும் என்றால் இது என்ன கணக்கு? அந்தக் கணக்கை எழுதிய தாளை நான் பார்க்க வேண்டும். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய வெளிக்கள உத்தியோகத்தர்:

தங்கச்சி, நாடாவோடு போனீர்களே, அதுவே பாதி வேலை. தோட்டத்தில் 31 வருடம் மலையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். பிரதான வீதியின் ஒதுக்கு நிலம் ஒருவர் பொறுப்பு, பிரதேச சபைப் பாதை இன்னொருவர் பொறுப்பு, தோட்டக் காணி என்றால் குத்தகைக் கம்பனி. பத்து மரத்தில் ஆறு ஓரிடம், நாலு ஓரிடம் என்றுகூட இருக்கலாம். அப்படியானால் ஒரே கடிதம் போதாது.

அடுத்தது, எந்த மரம் மேட்டில் நிற்கிறது, எது பள்ளத்துப் பக்கம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த மண்மேட்டின் விளிம்பில், வேர் வெளியே தெரிய, பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும் பெரிய மரம் உண்மையிலேயே ஆபத்துதான். காற்றில் ஆடும்போது மண்ணையும் சேர்த்து நெம்பும். அதை வெட்டச் சொன்னால் மறுக்காதீர்கள். சவுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் கொண்டுவந்த மரம். அதன் கிளை காற்றில் முறியும், அதுவும் உண்மை. ஆனால் கிளையை மட்டும் கழிக்கும் கவ்வாத்துப் போதும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டத் தெரிந்த நாட்டில் மரத்துக்கு மட்டும் ஏன் அடியோடு வெட்டு?

எந்த மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையைப் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) போட்டுப் பிடுங்க விடாதீர்கள். பிடுங்கிய குழியில் தண்ணீர் இறங்கும், மேடு கரையும். கட்டையை விட்டாலும் வேர் சில வருடம்தான் மண்ணைப் பிடிக்கும், பிறகு உளுத்துவிடும். மேடு இறங்குவது அப்போதுதான். வெட்டியவர்கள் அன்றைக்கு இருக்க மாட்டார்கள். ஆகவே கட்டை உளுப்பதற்கு முன்பே புதுக் கன்று வேர் பிடித்திருக்க வேண்டும். மேட்டுக்கு மேலே கான் (மழைநீர் வடிகால்) அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளையில் கானைத் துப்புரவாக்காமல் மரத்தை மட்டும் குறை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஹட்டன் சாரதி:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மறுபக்கம் பேசுகிறேன். புயலுக்கு முதல் நாள் மாலை என் பஸ்ஸுக்கு முன்னால், இருபது அடிக்குள், ஒரு கற்பூரமரம் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. பிரேக்கை மிதித்த கால் அன்று இரவு முழுக்க நடுங்கியது. பின்னால் கொழுந்துக்குப் போய்த் திரும்பும் பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். அன்றிலிருந்து முடக்கில் பெரிய மரத்தைக் கண்டால் எனக்கு வயிறு பிசைகிறது.

உங்கள் முடக்கு எனக்குத் தெரியும். பனி இறங்கிவிட்டால் 2 ஆம், 3 ஆம் எண் மரங்கள் எதிரே வரும் வண்டியை மறைக்கும். அந்த இரண்டுக்காவது வழிவிடுங்கள். உளுத்த அல்பீசியாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கே ஆத்திரம் வந்தது. நானும் தினமும் அதன் அடியில்தான் பிள்ளைகளை ஏற்றுகிறேன்.

கடிதம் எழுதுபவன், நுவரெலியா:

எங்கள் பகுதியில் இப்படிச் சில கடிதங்கள் எழுதியவன் நான். மரம் நிற்கும் நிலத்துக்குப் பொறுப்பான அரச அலுவலகத்திடம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் வரக்கூடாது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

"மரங்களை ஏன் வெட்டுகிறீர்கள்" என்று கேட்டால் "பாதுகாப்பு கருதி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒவ்வொரு மரத்தையும் பரிசோதித்த அறிக்கையின் பிரதி, பரிசோதித்தவரின் பதவி, திகதி. வெட்டிய மரம் யாருக்கு, என்ன விலைக்கு. மாற்றாக எத்தனை கன்று, எங்கே. மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கருத்துக் கேட்டார்களா, கேட்டிருந்தால் அதன் பிரதி.

பலா மரத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்ட முடியாது. அந்தப் பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சவுக்குக்கு இந்தச் சட்டத்தை இழுக்காதீர்கள், கடிதத்தின் பலம் குறைந்துவிடும்.

தகவல் வரும்வரை மரம் காத்திருக்காது. பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைத் தலைவருக்கும் ஊரார் கையொப்பத்தோடு, "வெட்டுவதற்கு முன் எங்கள் முன்னிலையில் கூட்டாகப் பாருங்கள்" என்று இன்றே ஒரு கடிதம் கொடுங்கள்.

பொகவந்தலாவைப் பேத்தி:

சாமி மரம் என்பதால் கை வைக்கப் பயந்து விட்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் பாதையை அகலமாக்கியபோது இதே பிரச்சினை வந்தது. பூசாரி, தலைவர், வயதானவர்கள் எல்லாரும் கூடி, பொங்கல் வைத்து, உத்தரவு கேட்டு, கல்லையும் சூலத்தையும் பத்தடி தள்ளி வைத்தோம். எங்கள் பாட்டிதான் முதலில் சம்மதித்தார். "பிள்ளைகளைக் காக்கத்தானே சாமி அங்கே நிற்கிறார்" என்றார். அக்கா, அதிகாரிகள் வருவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள்.

தையல்கடை அக்கா (ஆறு நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. சாரதித் தம்பி, நீங்கள் சொன்ன பிறகு விடியற்காலைப் பனியில் போய் நின்று பார்த்தேன். 2 ஆம், 3 ஆம் எண் மரங்கள் மறைப்பது உண்மைதான். அந்த இரண்டையும் வெட்டச் சம்மதம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டோம். 7 ஆம் எண் மரம் மேட்டு விளிம்பில் வேர் தெரிய நிற்கிறது. ஐயா சொன்னபடி அதையும் விட்டுக்கொடுத்தோம். மற்ற ஏழு மரங்களையும் பரிசோதித்த அறிக்கையைக் கேட்டிருக்கிறோம். 64 கையொப்பம். எழுதத் தெரியாத மூன்று பாட்டிமார் கைநாட்டு வைத்தார்கள்.

பலாவின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டபோது கோப்பைத் தேடினார்கள், வரவில்லை. மறுநாள் கிராம உத்தியோகத்தர் வந்து, வியாழக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், அதுவரை வெட்டு நடக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். கானை நாங்களே ஞாயிற்றுக்கிழமை துப்புரவாக்கினோம். இரண்டு கூடை மண்ணும், பிளாஸ்டிக் போத்தல்களும், ஒரு பழைய செருப்பும் வந்தன.

சாமியைத் தள்ளி வைக்கப் பூசாரி வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார். அதுவரை அல்பீசியாவின் அடியில் யாரும் நிற்க வேண்டாம் என்று மரத்தைச் சுற்றி மிச்சத் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். காலையில் பிள்ளைகள் என் கடைத் திண்ணையில் நிற்கிறார்கள். பத்தொன்பது பேர். பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள், தம்பி.