நாற்பது மடங்காம்! அதனால் என் ஃபோக்ஸ்வேகன் பாசாட் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்! (கார் மன்ற இழை, 2017 தொடக்கம்)

டீசல்மாமா (வர்ஜீனியா):
நேற்று இன்னொரு இழையில் ராகவி மேடம் போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "ஃபோக்ஸ்வேகன் டீசல் கார் ஒவ்வொன்றும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற விஷவாயுவை 40 மடங்கு கக்குகிறது. இன்னும் அதை ஓட்டுகிறவர்களுக்கு மனசாட்சி இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளுங்கள்." அடேயப்பா. சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி பிரையரே எல்லாத் தரப்பையும் கேட்டு, 2016 அக்டோபர் 25-ஆம் தேதிதான் டீசல் புகை மோசடி வழக்கில் கார்களைத் திருப்பி வாங்கவோ சரிசெய்து தரவோ கம்பெனி ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். மேடத்துக்கு ஒரு காபி குடிக்கும் நேரம் போதும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் பாசாட் 40 மடங்கு கக்கியதை யார் அளந்தார்கள்? 2014-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அளந்ததில் ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா காருக்கு 15 முதல் 35 மடங்கு, பாசாட்டுக்கு 5 முதல் 20 மடங்கு. இரண்டிலுமே 40 இல்லை. என் காரில் 40 என்று ஏதாவது இருந்தால் அது நெடுஞ்சாலை மைலேஜ்.

ராகவி (சான் ஹோசே):
வணக்கம் சார். 40 மடங்கு என்று நான் கனவு கண்டு எழுதவில்லை. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுப்பிய நோட்டீஸில் இருக்கிறது. உங்கள் கார் வெறும் 20 மடங்குதான் என்றால் வாழ்த்துகள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆஸ்துமா பாதிதான் வரும்.

சோதனைக்கூடத்தில் உருளை மேல் கார் ஓடும்போது ஸ்டீயரிங் திரும்பாது. அதை வைத்தே "இது சோதனை" என்று மென்பொருள் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்யும். தெருவுக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களுக்கு வக்காலத்து வாங்க ஒரு தமிழ் மாமா!

டீசல்மாமா:
மோசடி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? 40 இல்லை என்றுதான் சொன்னேன். நோட்டீஸில் இருப்பது உச்சபட்ச அளவு. நீங்கள் எழுதியது "ஒவ்வொன்றும்". மேடம், பேச்சை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. டீசலில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. ஒரு கேலனுக்கு 40 மைல் ஓடும் வண்டியைக் கொடுத்துவிட்டு 20 மைல் ஓடும் பெட்ரோல் எஸ்.யு.வி. வாங்கினால் பூமி குளிர்ந்துவிடுமா?

மிச்சிகன் மணி:
ஐயா, அம்மா, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என்னிடம் 2011 ஜெட்டா டீசல் (டி.டி.ஐ.) இருக்கிறது. இப்போது கொடுப்பதா, சரிசெய்து தருகிறோம் என்கிறார்களே, அதற்குக் காத்திருப்பதா? 2017 ஜனவரியில் 2015 மாடலைச் சரிசெய்யும் முறைக்கு மட்டும் ஒப்புதல் வந்தது. எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. இங்கே பாண்டியாக் ஊரில் சில்வர்டோம் மைதானம் பக்கம் போனால் திருப்பி வாங்கிய கார்கள் பார்க்கிங் முழுக்க நிற்கின்றன. பார்த்தாலே வயிறு எரிகிறது.

டீசல்மாமா:
மணி, நன்றாகக் கேட்டாய். விலை 2015 செப்டம்பர் மதிப்பில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. இன்றைக்குக் கொடுத்தாலும் அடுத்த வருடம் கொடுத்தாலும் அடிப்படை விலை அதுதான். மாதத்துக்கு 1,042 மைல், அதாவது வருடத்துக்கு 12,500 மைல் வரை ஓட்டினால் ஒரு டாலர்கூடக் குறையாது. அதற்கு மேல் ஓட்டினால்தான் வெட்டு. இதோடு இழப்பீடு வேறு: மதிப்பில் 20 சதவீதமும் 2,986 டாலர் 73 சென்டும். எப்படிப் பார்த்தாலும் 5,100-க்குக் குறையாது. ஆனால் அதற்கு 2015 செப்டம்பர் 18 அன்றே நீ உரிமையாளனாக இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2018 செப்டம்பர் 1. அதுவரை ஓட்டு, ஓட்டு, ஓட்டு. புத்தியுள்ளவன் இப்போது கொடுக்க மாட்டான்.

ராகவி:
ஆக, மாமாவும் கடைசியில் காரைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார்! ஒன்றரை வருடம் ஊரெல்லாம் புகை விட்டுவிட்டு முழு விலையும் வாங்கிக்கொள்வார். இதற்கா இவ்வளவு வீர வசனம்?

டீசல்மாமா:
கொடுப்பது வேறு, 40 வேறு. இந்தக் கார்களை ஓட்டுவது சட்டப்படி சரி என்று அதே முகமைதான் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் படிப்பீர்களா?

மிச்சிகன் மணி:
மாமா, நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் 2011-இல் இந்த ஜெட்டாவை வாங்கியதே நீங்கள் இங்கே எழுதிய நீளமான விமர்சனத்தைப் படித்துத்தான். "பெட்ரோலை விடச் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று எழுதினீர்கள். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

டீசல்மாமா:
நான் எழுதியது இழுவிசையையும் மைலேஜையும் பற்றி. சுத்தமான டீசல் என்று விளம்பரம் செய்தது கம்பெனி. கம்பெனி சொன்னதை நான் சொன்னேன். அமெரிக்க அரசே அவர்களை நம்பிச் சான்றிதழ் கொடுத்தபோது நான் மட்டும் காரின் பின்பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்திருக்க வேண்டுமா?

கோவை போலோகாரன்:
அமெரிக்க அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். 5,100 டாலரா, 10,000 டாலரா என்று நீங்கள் பேசுவதைப் படிக்க ஆனந்தமாக இருக்கிறது. இங்கே இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைக்கிறோம் என்று 2015 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆடி, ஸ்கோடா கார்கள் எல்லாம் சேர்த்து. பணமா? ஒரு சாவிக்கொத்துகூடக் கிடையாது. மென்பொருளை மட்டும் மாற்றித் தருவார்களாம். இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை என்று வேறு சொல்கிறார்கள். மாற்றினால் மைலேஜ் விழுமோ, இழுவை குறையுமோ என்று பயமாக இருக்கிறது. மாற்றிக்கொள்ளாமல் விட்டுவிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

டீசல்மாமா:
தம்பி, நீ வந்தது நல்லதாயிற்று. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் சாலையில் ஓட்டிப் பார்த்ததில் எத்தனை மடங்கு வந்தது?

கோவை போலோகாரன்:
1.1 முதல் 2.6 மடங்கு வரை என்று செய்தி.

டீசல்மாமா:
பார்த்துக்கொள்ளுங்கள் ராகவி மேடம்! 2.6! அதே இ.ஏ.189 எஞ்சின் குடும்பம். 40 எங்கே, 2.6 எங்கே? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வேதியியல் வாத்தியார்:
ஒரு நிமிடம். எல்லோரும் மடங்கு மடங்கு என்கிறீர்கள், எதன் மடங்கு என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இந்தக் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மைலுக்கு 0.07 கிராம். கிலோமீட்டருக்கு மாற்றினால் சுமார் 0.043. இந்தியாவில் இந்த 2017-இல் டீசல் காருக்கு பி.எஸ்.-4 என்ற புகை விதியின் வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம். கிட்டத்தட்ட 6 மடங்கு தளர்வு. அந்த 0.25-ஐ 2.6-ஆல் பெருக்குங்கள்: 0.65 கிராம். அமெரிக்க 0.043-ஐ 15-ஆல் பெருக்குங்கள்: அதே 0.65 கிராம். கோவையில் 2.6 மடங்கு என்று சொல்லும் புகை, சான் ஹோசேக்கு வந்தால் 15 மடங்கு. கிராமில் பேசினால் இந்தச் சண்டையில் பாதி இருக்காது.

அப்புறம் கார்பன் டை ஆக்சைடு வேறு, நைட்ரஜன் ஆக்சைடு வேறு. முதலாவது பூமியைச் சூடாக்குவது. இரண்டாவது ஊரில் புகைமூட்டத்தையும் ஓசோனையும் உண்டாக்கி நுரையீரலைக் கெடுப்பது. ஒன்றைக் காட்டி மற்றதற்குக் கணக்கு நேர் செய்ய முடியாது.

டீசல்மாமா:
வாத்தியார் பாடம் நடத்தியதற்கு நன்றி. 15 என்று அவரே சொல்லிவிட்டார். 40 வந்ததா? இல்லை. முடிந்தது.

ராகவி:
15 மடங்கு என்றால் உங்களுக்குச் சந்தோஷமா? கடவுளே.

ஸ்டுட்கார்ட் செல்வா:
அமெரிக்காவில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இந்தக் கார் பிறந்த ஜெர்மனியில் 24 லட்சம் பேர் சிக்கியிருக்கிறோம். திருப்பி வாங்கும் பேச்சே இல்லை. மோட்டார் வாகன ஆணையம் கட்டாயத் திரும்ப அழைப்பு போட்டுவிட்டது, போகாமல் இருக்கவும் முடியாது. 2.0 லிட்டர் எஞ்சினுக்கு அரை மணி நேர மென்பொருள் வேலை. என்னுடைய 1.6-க்குக் கூடுதலாகக் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் கருவிக்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் வலை. அவ்வளவுதான். உலகத்தையே உலுக்கிய ஊழலுக்கு விடை அந்த வலை! அமெரிக்காவில் 1,470 கோடி டாலர் வரை போகிற ஒப்பந்தம், இங்கே ஒரு பிளாஸ்டிக் துண்டு. வழக்குப் போடலாமா என்று வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோவை தம்பி, உன் கேள்விக்கு: இங்கே சிலர் மாற்றிய பிறகு வண்டி முன்பு போல இல்லை என்கிறார்கள், சிலர் வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்கள். என்னைக் கேட்டால், மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய மைலேஜை எழுதி வைத்துக்கொள். பிறகு சண்டை போட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

டீசல்மாமா:
செல்வா, 24 லட்சமோ 1 கோடியே 10 லட்சமோ, உலகம் முழுவதும் எத்தனை கார் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 40-ஐப் பற்றி உங்கள் கருத்து என்ன?

ஸ்டுட்கார்ட் செல்வா:
எனக்கு இழப்பீடு வராததைப் பற்றித்தான் கருத்து இருக்கிறது.

தமிழ்வேங்கை:
எல்லோரும் முக்கியமானதை மறந்துவிட்டீர்கள். இந்தத் திருட்டைக் கண்டுபிடித்ததே நம் தமிழன்! மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர் அரவிந்த் திருவேங்கடம். ஜெர்மன்காரன் பொறியியலை ஒரு தமிழன் கவிழ்த்தான். நம் பத்திரிகைகளில் இதைத் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்க வேண்டாமா?

மிச்சிகன் மணி:
கூடவே மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா இருவரும் இருந்தார்கள், தலைவர் டான் கார்டர். ஒரு குழு வேலையைத் தனியாளுக்கு எழுதி வைக்காதீர்கள்.

தமிழ்வேங்கை:
தமிழன் பெயரைச் சொன்னாலே சிலருக்கு எரிகிறது. மணி அண்ணன் எப்போதும் இப்படித்தான். போன வருடம் சுந்தர் பிச்சை இழையிலும் இதே வேலைதான் செய்தார்.

மிச்சிகன் மணி:
அந்த இழையில் நான் சொன்னது வேறு. இங்கே அதை இழுக்காதே.

டீசல்மாமா:
அரவிந்த் திருவேங்கடத்தை நானும் தலைவணங்குகிறேன். டிக்கியில் அளவீட்டுக் கருவியையும் அதற்கு மின்சாரம் தர ஜெனரேட்டரையும் ஏற்றி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பினார்கள். கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். எந்தக் காரில்? பாசாட்டில்! என் காரின் உடன்பிறப்பு. அந்த ஆய்வில் பாசாட்டுக்கு வந்தது 5 முதல் 20. தமிழன் சொன்னதை நம்புவீர்களா, ராகவி மேடம் சொன்னதையா? வேங்கை, நீயே சொல்.

தமிழ்வேங்கை:
தமிழன் சொன்னதைத்தான். ஆனால் அதற்காக நீங்கள் ஓட்டுவது சரி என்று ஆகிவிடாது.

ராகவி:
அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5-உம் இருந்தது. அது பெரும்பாலும் வரம்புக்குள்தான் ஓடியது. அதாவது நேர்மையாக டீசல் கார் செய்ய முடியும். அதை மட்டும் மாமா சொல்லவே மாட்டார்.

டீசல்மாமா:
எக்ஸ்5 என்ன விலை, பாசாட் என்ன விலை? அந்த விலைக்கு என் காரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையையே வைக்கலாம். பாசாட்டிலும் புகையில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது, தெரியுமா? அதனால்தான் ஜெட்டாவைவிடக் குறைவு. ஜெட்டாவில் அது இல்லை, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கும் வெறும் பொறிதான்.

மிச்சிகன் மணி:
இப்போது என் ஜெட்டாவையும் திட்ட ஆரம்பித்துவிட்டீர்களா? வாங்கச் சொன்னதே நீங்கள்.

சரி, வேறு ஒரு கேள்வி. சொந்தமாக ஓடி வந்து நின்றால் போதும், வண்டியை வாங்கிக்கொள்வார்கள் என்பதுதான் நிபந்தனையாமே. சக்கரங்களை மாற்றி, ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு கொடுக்கலாமா? எப்படியும் நசுக்கத்தானே போகிறார்கள்?

ராகவி:
கம்பெனி ஏமாற்றியது என்று ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் ஸ்பேனர். ஓகையோவில் ஒருவர் கதவைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுபோனார் என்று வந்ததே, அவர் உங்கள் உறவா? கழற்றுவதற்காக இந்த ஒப்பந்தம் போடவில்லை என்று 2016 டிசம்பரில் நீதிபதியே எச்சரித்தார்.

மிச்சிகன் மணி:
ஸ்டீரியோ நான் தனியாகக் காசு கொடுத்துப் போட்டது மேடம். அது என்னுடையது.

வேதியியல் வாத்தியார்:
தனியாகப் போட்டதை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் பொருத்திக் கொடுங்கள். பிரச்சினை இருக்காது. டீசல்மாமா அவர்களே, ஒரு விண்ணப்பம்: மாதம் 1,042 மைல் என்பது சலுகை, ஓட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டீசல்மாமா:
வாத்தியாருக்கும் மேடத்தின் காற்று பட்டுவிட்டது. நான் ஓட்டுவேன். 2018 வரை ஓட்டுவேன். பாசாட்டுக்கான திருத்தம் ஒப்புதலாகி வந்தால் அதையும் பார்ப்பேன், பிடித்தால் வைத்துக்கொள்வேன், பிடிக்காவிட்டால் கொடுப்பேன். அது என் விருப்பம். இங்கே இத்தனை பேர் எழுதினீர்கள், ஒருவராவது ஒரு பாசாட் 40 மடங்கு காட்டியதற்கு ஆதாரம் கொடுத்தீர்களா?

ராகவி:
5 மடங்கு காட்டியதற்கு உங்களிடமே ஆதாரம் இருக்கிறதே சார். அது போதாதா?

டீசல்மாமா:
அது 5. நான் கேட்டது 40.

கோவை போலோகாரன்:
அண்ணா, என் கேள்விக்குச் செல்வா அண்ணன் மட்டும்தான் பதில் சொன்னார். சர்வீஸ் சென்டரில் இருந்து மறுபடியும் போன் வந்தது. திங்கட்கிழமை வண்டியை விடச் சொல்கிறார்கள். விடலாமா, வேண்டாமா?

தமிழ்வேங்கை:
தம்பி, முதலில் மணி அண்ணன் அரவிந்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறட்டும். அப்புறம் உன் வண்டிக்கு வருவோம்.